சண்டை வரும் நாள்

இல்லம்மா, கடை திறந்துதான் இருக்கு. விளக்கு எரியுது, வெந்நி காயுது, நானும் முழுசா நிக்கிறேன். உனக்கு முடி வெட்ட மாட்டேன்னுதான் சொல்றேன். மொதல்ல உக்காரு. குளிர்ல காது செவந்து போச்சு பாரு. டீ ஊத்தறேன். உப்புப் போட்ட பால் டீ, மூஞ்சியச் சுளிக்காம குடி.

ஆமா, நாலு நாற்காலியும் காலிதான். முந்தாநாள் வந்திருந்தா நிக்க எடம் இருந்திருக்காது. அன்னிக்கு வெட்டுனா ஆயுசு கூடும். இன்னிக்கு வெட்டுனா வீட்டுல சண்டை வரும். அந்தா, சுவத்துல தொங்குது பாரு, நம்ம புத்த சாமியாரு லாமாங்க நாள் குறிச்ச காலண்டரு, அதுல போட்டிருக்கு. ரஷ்யக்காரங்க யாராவது வருவாங்கன்னு திறந்து வெச்சிருக்கேன். இந்த உலான் ஊதே ஊர்ல நம்ம புர்யாத்து ஜனம் ஒருத்தனும் இன்னிக்குத் தலையக் குடுக்க மாட்டான். சதுக்கத்துல பெருசா வெச்சிருக்காங்களே லெனின் தலை, அது ஒண்ணுதான் நாள் பாக்காது. அதுக்கு முடியும் இல்ல.

நம்பறீங்களான்னு என்னையா கேக்கற? சோவியத் காலத்துல, சின்ன வயசுல கழுத்துல செவப்புத் துணி கட்டிட்டு, சாமியே இல்லன்னு மேடையேறிப் பாடுனவ நான். அப்புறம் அரசாங்க சலூன்ல வேலை. கட்சிச் செயலாளர் வருவாரு. புத்தரெல்லாம் கட்டுக்கதைன்னு காலையில கூட்டத்துல முழங்கிட்டு, மத்தியானம் என் நாற்காலியில உக்காந்து, நோர்ஜிமா, இன்னிக்கு நாள் எப்படின்னு காதோரமாக் கேப்பாரு. சரியில்லைன்னா, தலை வலிக்குதுன்னு எந்திரிச்சுப் போயிடுவாரு.

என்னது, நம்ம பாஷையும் தெரியாது, கோயில்ல எந்தப் பக்கமாச் சுத்தணும்னும் தெரியாதா? பீட்டர்ஸ்பர்க்குல வளந்தா எப்படித் தெரியும்? அதுக்கு ஏன் தலையக் குனியற. முன்னாடி போறவன் பின்னாலயே போ, நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்.

ஓகோ, நாளைக்குப் பையனோட அம்மாவப் பாக்கப் போறியா. அதான் இவ்வளவு அவசரம். பொல்லாதவளா? யாரு சொன்னா, அவனா? பெத்தவளப் பத்தி வாய் கூசாமச் சொல்லியிருக்கான்.

நானும் கல்யாணத்துக்கு மொத நாள் இதே மாதிரி ஒரு நாள்லதான் வெட்டிக்கிட்டேன். நாளாவது கிழமையாவதுன்னு. பத்தொம்பது வருஷம் நானும் மாமியாரும் சண்டை. காலண்டர் வேலையா, என் வாயோட வேலையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவ செத்தப்ப நான் அழுதத யாருமே நம்பல. எனக்கு மட்டும்தான் தெரியும், எவ்வளவு வலிச்சுதுன்னு.

அதனால வேற யாரு தலையா இருந்தாலும், நம்பிக்கை இல்லைன்னு சொன்னா வெட்டி அனுப்பிருப்பேன். உன் தலையில, என் கையால, இன்னிக்கு முடியாது சொயோல்மா. முழிக்காத, நீ பேர் சொல்லல. அவன் அனுப்புன உன் போட்டோ பாத்துப் பாத்துத் தேஞ்சே போச்சு, கதவத் திறக்கறப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். என்னை வேவு பாக்க வந்தது தப்பில்ல, நானா இருந்தாலும் வந்திருப்பேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறானே, அவனையும் உள்ள வரச் சொல்லு, வெறைச்சுடப் போறான். நாளைக்கு இந்த முடியோடயே வா. அந்தப் பொல்லாதவ ஒண்ணும் சொல்ல மாட்டா.