கண்ணாடிப் படத்தின் வலப்பக்கம்

கருங்கலிலிருந்து நெய்யூருக்குப் போகும் பஸ்ஸில், எதிரெதிர் பெஞ்சில் இருந்த இருவர் பேசியது இது. ஒருவர், ஊர் ஊராகப் போய் விளக்கு வைத்துத் துணியில் படம் காட்டிச் சுகாதாரம் பேசுகிறவர். கண்ணாடிப் படங்கள் அடங்கிய பெட்டி அவர் மடியில் இருந்தது. மற்றவர், போன வாரம் அவர் பேசிய ஊரைச் சேர்ந்த நடுவயதுப் பெண்.

“சாரே, நீங்க சொன்னபடி நாங்க இப்பம் படி வச்ச கெணத்துலதான் தண்ணி கோருதோம்.”

“ஐயோ அக்கா, எல்லாரும் காலு நனைக்கிய கெணறுல்லா அது! பேதி வரும். சுவரு கெட்டுன கெணத்தையில்லா சொன்னேன்.”

“படத்துல வலத்த இருக்க கெணறுண்ணுதான் சொன்னிய.”

படக்காரர் பெட்டியைத் திறந்து, இரண்டு கிணறும் பக்கம் பக்கமாக இருந்த கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பாருங்க, வலத்த சுவரு கெட்டுனது.”

எதிரே இருந்தபடியே அந்தப் பெண்ணும் பார்த்தார். “வலத்த படியில்லா இருக்கு! கண்ணு தெரியலியா சாரே?”

படக்காரர் கண்ணாடியையும் அதற்கு அந்தப் பக்கம் இருந்த அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, நீங்க எங்க இருந்து படம் பாத்திய?”

“துணிக்குப் பொறத்தால. ஆம்பிளைய முன்னால, பொம்பளைய பின்னால. நனைச்சுக் கெட்டுன துணியில அங்கயும் நல்லாத்தான் தெரிஞ்சுது.”

“பொறத்தால வலம் இடமா மாறிப்போவும்லா! முன்னால இருந்த ஆம்பிளைய ஒண்ணும் சொல்லலியா?”

“அவியளா தண்ணி கோரப் போறாவ?” என்ற அந்தப் பெண் சட்டென்று எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். “வீட்டுல பிள்ளைய அந்தத் தண்ணியத்தான் குடிக்கு!”

பெட்டியை அணைத்துக்கொண்டு படக்காரரும் கூடவே எழுந்தார். இறங்கும்போது அந்தப் பெண் திரும்பிக் கேட்டார்.

“அப்பம், மத்தப் படத்துல எல்லாம் எது சாரே வலம்?”