செல்லக்கிளியின் சிரிப்பு ஷாட்

மதியம் பன்னிரண்டு மணி. கொள்ளிடக்கரை ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈ, காக்கை இல்லை...

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் ரத்தினவேலின் பெரியம்மாவுக்கு நடந்தது. அவர் முகம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. செல்லக்கிளி. சீரியலில் மாமியாருக்கு அக்காவாக வருவார். சினிமாவில் கதாநாயகனுக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த காட்சியிலேயே செத்துப்போவார். புத்தூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது யாராவது, "அம்மா, நீங்க போன வாரம் செத்துட்டீங்களே" என்பார்கள்.

"அது அந்தச் சேனல்ல. இந்தச் சேனல்ல நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்திருப்பதற்கு முன், கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது, ஆனாலும் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் செத்தது செத்ததாகவே நின்றுவிடும் என்று பயம். செல்லக்கிளி ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

அன்றைக்குக் கொள்ளிடக்கரை ஷூட்டிங்கில் அது விட்டுப்போனது. பாடையில் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் சாமந்தி மாலை. கட் சொன்னதும் டைரக்டர் கோவர்தன் கிளம்பிவிட்டான். சின்னப் பையன், அவசரக்காரன்.

"தம்பி, சிரிப்பு ஷாட்?"

"அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. சமயபுரத்துல அடுத்த சீன். நேரமில்ல."

யூனிட் வண்டிகள் போய்விட்டன. பாத்திரம் செத்துவிட்டதால் செல்லக்கிளிக்கு வண்டி கிடையாது. ஆட்டோ பிடிக்கலாம் என்று நடந்தார். வயிறு எரிந்தது அவருக்கு. கதாநாயகிக்கு என்றால் இப்படிப் போவானா?

தார் இளகிக் கிடந்தது. செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பின்னால்... கிரீச்... கிரீச்... மூங்கில் சத்தம். கூடவே பச்சைத் தென்னங்கீற்று வாசனை.

திரும்பினார். நாலு பேர். தோளில் வெறும் பாடை, அதன் மேல் ஒரு மாலை மட்டும். சாமான் தூக்கும் ஆட்கள் என்று நினைத்தார்.

"யூனிட் போயிடுச்சேப்பா. நீங்க போகலையா?"

"உங்களுக்காகத்தாங்க நின்னோம்" என்றான் முன்னால் நின்றவன், மிக மரியாதையாக. "படுங்க."

அப்போதுதான் பார்த்தார். நாலு பேரும் வெறுங்கால். அந்தக் கொதிக்கிற தாரில் ஒரு கால் தடம்கூட விழவில்லை.

ஓடினால் விழுவோம், விழுந்தால் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று புரிந்தது. படுத்தால் அதோடு சரி. பயம்தான், ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எத்தனையோ பேர் கொன்று போட்டும் மறுவாரம் எழுந்து வந்த உடம்பு இது.

"படுக்கமாட்டேன். எனக்கு இன்னொரு ஷாட் பாக்கி இருக்கு."

பையிலிருந்து செல்போனை எடுத்தார். தன் முகம் தெரியும்படி கேமராவை வைத்து, வீடியோவைப் போட்டு, சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, கொள்ளிடக்கரை முழுக்கக் கேட்கும்படி.

பாடை மெதுவாக ரோட்டில் இறங்கியது. நாலு பேரும் தலைகுனிந்து நின்றார்கள்.

"எங்களுக்கு யாரும் எடுக்கலைங்க" என்றான் அவன்.

துணை நடிகருக்கே இந்தக் கதி என்றால், கும்பலில் செத்துக் கிடக்கிறவனை யார் சிரிக்கச் சொல்லப்போகிறார்கள்?

"வரிசையா நில்லுங்க. கேமராவப் பாருங்க" என்று போனை அவர்கள் பக்கம் திருப்பினார். "ம்... சிரிங்க."

திரையில் வெறும் ரோடு. காதில் மட்டும் சிரிப்பு... நிமிர்ந்தபோது ஆளும் இல்லை, பாடையும் இல்லை.

அடுத்த மாதம் கோவர்தன் மறுபடியும் சாகக் கூப்பிட்டான். செல்லக்கிளி நேரே அவன் முன்னால் போய் நின்றார்.

"படுக்கறேன். ஆனா சிரிப்பு ஷாட் எடுத்தாத்தான் படுப்பேன். எனக்கு மட்டுமில்ல, இங்க பொணமா படுக்கிற அத்தனை பேருக்கும் எடுக்கணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

அவன் உதட்டைச் சுழித்தான். அவர் அன்று ரோட்டில் நடந்ததைச் சொல்லி, அந்த வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினார். காதில் வைத்துக் கேட்டவன், கடைசி வரை கேட்டு, மறுபடி ஒரு தடவை கேட்டான். முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாருக்கும் எடுத்துடலாம்மா" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "நாலு ஆம்பளைங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அவங்க சிரிச்சு முடிச்சப்புறம்... ஒரு கைக்குழந்தை சிரிக்குதே."