காலியாக இருக்க வேண்டிய தடம்

மாலை ஏழே முக்கால். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் நீள மதில், மறு பக்கம் புதர். மூன்று விளக்குக் கம்பங்களில் ஒன்றுதான் எரியும். அந்தச் சாலையில் ஒரே ஒரு கார்... அதற்குள் ஒரே ஒரு பெரியவர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் வீட்டில் நடந்ததில்லை. என் நண்பர் ஒருவருக்கு நடந்தது. நம் வீட்டில் இப்படியெல்லாம் நடக்காது.

"நம்ம வீட்டுப் பேய் வர்றதா இருந்தாக்கூட மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் வரும்," என்றான் என் தங்கை மகன். இரவில் கதை கேட்கக் கூடத்தில் போர்வைக்குள் படுத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

நண்பருக்கு ஒரு தம்பி. அவன் இளவயதிலேயே போய்விட்டான். அவன் மகளை நண்பர்தான் வளர்த்தார். படித்தாள், ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல பெண். வாய்தான் கொஞ்சம் நீளம். பெரியவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள்.

அவள் வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். மனித உயிரணுக்களைத் தட்டில் வளர்ப்பார்கள். அவற்றிலிருந்து ஒரே ஒரு மரபணுவை மட்டும் வெட்டி நீக்குவார்கள். பிறகு பனிக்கட்டியின் மேல் வைத்து உயிரணுக்களை உடைத்து, அந்தச் சாற்றைச் சுண்டுவிரல் பருமனுள்ள குழாய்களில் உறைய வைத்து விற்பார்கள். ஒரு மரபணு போனால் அது செய்கிற ஒரு புரதமும் போய்விடும். விற்பதற்கு முன் சோதனை உண்டு. ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் சாதாரணச் சாறு ஒரு தடத்தில் ஓடும், மரபணு வெட்டிய சாறு பக்கத்துத் தடத்தில். முதல் தடத்தில் அந்தப் புரதம் இருப்பதைக் காட்டும் கறுப்புக் கோடு விழ வேண்டும். இரண்டாவதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வாங்குகிறார்கள். தாங்கள் தேடும் புரதம் இல்லாத இடத்தில் தங்கள் சோதனை பொய் சொல்கிறதா என்று பார்க்க.

அன்று அவளை அழைத்து வரத்தான் நண்பர் போனார். காவலாளி தலையாட்டினான். உள்ளே நீளமான நடை. எல்லா அறையும் இருட்டு, கடைசி அறையில் மட்டும் வெளிச்சம். ஸ்பிரிட் வாடை. உறைபெட்டியின் உறுமல்... ம்ம்ம் என்று, நிற்காமல்.

அவள் கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

"இங்க வாங்க பெரியப்பா. இதைப் பாருங்க."

முதல் தடத்தில் தடித்த கோடு. இரண்டாவதிலும்... மெலிதாக, ஆனால் தெளிவாக, ஒரு கோடு.

"மூணு தடவை செஞ்சுட்டேன். வேற குழாய், வேற ஜெல். அந்த ஜீன் இல்லவே இல்லைன்னு ரிப்போர்ட் கையில இருக்கு. ஆனா அது செய்யற புரதம் வந்து நிக்குது. பூட்டிக் கிடக்கிற வீட்ல யாரோ அடுப்பு மூட்டின மாதிரி."

எட்டரைக்குச் சரக்கு எடுக்க வண்டி வரும். அதற்குள் 'இரண்டாம் தடம் காலி' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இரண்டு வகை உயிரணுக்களையும் கவனமில்லாமல் கலந்துவிட்டாள் என்று எழுதுவார்கள். அந்த வாரத்தோடு அவளுடைய ஆறு மாதத் தற்காலிகப் பணி முடிகிறது. வேலை போகும். போகிற காரணமும் கூடவே ஊரெல்லாம் போகும். படத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் கோடு மறைந்துவிடும் என்று மேலாளர் போனில் சொன்னாராம்.

"அது பொய். நான் போட மாட்டேன்."

"வீம்பு பிடிக்காதே. தப்பு செஞ்சுட்டு வேலை போச்சுன்னு நாலு பேர் பேசினா உங்கப்பன் பேர் என்ன ஆகும்? இந்தக் குடும்பத்துல ஒருத்தர் மேலயும் இதுவரைக்கும் யாரும் விரல் நீட்டினது இல்லை. போடு கையெழுத்தை!" என்று நான் சொன்னேன்.

ஒரு போர்வை விலகியது.

"யாரு மாமா சொன்னது?" என்றான் தங்கை மகன்.

...நான்தான். போகட்டும். மெதுவாகப் பேசு. அவள் மாடியில் தூங்குகிறாள்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உறைபெட்டியின் உறுமல் பட்டென்று நின்றது. அந்த அமைதியில் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம். சர்... சர்... பிறகு என் தோளருகே ஒரு குரல்.

"போகலாம் பெரியப்பா."

வந்துவிட்டாள். நாங்கள் நடையில் பாதி தூரம் வந்திருப்போம். உறைபெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. அந்த அறைக்குள் சக்கரம் வைத்த அவள் நாற்காலி உருண்டது... யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. எப்போதும் முன்னால் உட்கார்ந்து பாட்டை மாற்று என்று சண்டை போடுகிறவள், பின்னால் ஏறிக்கொண்டாள். அந்தச் சாலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை நிரந்தரமாயிற்று. இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை. வீட்டிலும் அவள் தங்கமாகிவிட்டாள். இந்த உடையைப் போடாதே என்றால், சரி பெரியப்பா. அந்தத் தோழி வேண்டாம் என்றால், சரி பெரியப்பா. ஒரு வருடமாக வேண்டவே வேண்டாம் என்று குதித்த அதே வரனை மறுபடி எடுத்தேன். புகைப்படத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரி பெரியப்பா. அந்தக் கல்யாணத்துக்குத்தான் நீங்கள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். பெண் எப்படி அடங்கிவிட்டாள் பார் என்று உங்களிடமே பெருமை பேசியிருக்கிறேன்.

அந்த இரவு கழிந்து மூன்றாம் வாரம், ஞாயிறு. பகல் பதினொரு மணி. ஆய்வகம் பூட்டியிருக்கும். என் போன் அடித்தது... ஆய்வகத்தில் அவளுடைய அறையின் எண். எடுத்தேன். முதலில் அந்த உறுமல். பிறகு...

"பெரியப்பா, நான் கையெழுத்துப் போடலை. எத்தனை தடவை சொல்றது? உங்களோட கார்ல வந்தது யாரு? என்னை வந்து கூட்டிட்டுப் போங்க. இங்க ரொம்பக் குளிருது."

அவள் குரல். அந்த வாய்.

என் எதிரில் சோபாவில் அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"போனீங்களா மாமா?" இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

எப்படிப் போவேன்? பத்திரிகை அடித்தாயிற்று. ஒரே பெண் இரண்டு பேராக வீட்டுக்குள் வந்தால் சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஞாயிறுதோறும் அடிக்கிறது. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன ஞாயிறு நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் மேசையில் கிடந்தது. ஈரத்தலையோடு வெளியே வந்தபோது அவள் அதைக் காதில் வைத்திருந்தாள். வெகுநேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தப் பேர்ல இங்க ஏற்கெனவே ஒருத்தி இருக்கா, நீங்க வர வேண்டாம்னு சொல்லிட்டேன் பெரியப்பா."