மஞ்சள் திரையில் மஞ்சள் கோடு

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஜவுளிக்கடை முதலாளி கருணாகரன் அண்ணாச்சி அவர்களே, தியாகராய நகர் வணிகப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே, உடன் உழைக்கும் தோழர்களே, வணக்கம்!

கணினிப் பிரிவின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். கசக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கடையின் பில்கள் அத்தனையும் போய்ச் சேர்வது சர்வர் என்னும் ஒரே கணினியில். அது திணறுகிறதா என்று நாடி பார்க்க துணைநிரல் என்னும் ஒரு சிறு மென்பொருளை நிறுவினேன். கறுப்புத் திரை. பச்சைக் கோடு ஓடினால் நலம். அதுவே மஞ்சளானால் ஆபத்து! உடனே பாதி கவுண்ட்டர்களை நிறுத்திச் சர்வரை மூச்சுவிட வைக்க வேண்டும். அந்தத் திரைக்குக் காவல், மயிலாப்பூர் ஜலஜா.

தீபாவளி நெருங்கியது. அண்ணாச்சி வந்தார், திரையைப் பார்த்தார்.

"பண்டிகையும் அதுவுமா கறுப்பு எதுக்குவே? மங்களகரமா மஞ்சளா மாத்தும்!"

கூடாது என்றேன். என்னை அடையாறு கிளைக்கு அனுப்பிவிட்டு, மருமகன் ஸ்ரீஹரியை வைத்து மாற்றினார்.

மஞ்சள் திரையில் மஞ்சள் கோடு! எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

சர்வர் திணறியது, தவித்தது, நின்றே போனது! பில் இல்லை. படிக்கட்டெங்கும் கூட்டம். "இன்னா நைனா, கொயந்தய வச்சிகினு எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்ற கூச்சல். நெரிசலில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. நான் ஓடிவந்தபோது ஜலஜாவின் வேலை போயிருந்தது. தூங்கிவிட்டாளாம்!

"பாத்துண்டேதான் சார் இருந்தேன். பச்சைக் கோட்டைக் காணலியேன்னு கேட்டேன். கலர் மாத்தினா அப்படித்தான்னுட்டார் மாப்பிள்ளை" என்று அழுதாள்.

திரையை மறுபடி கறுப்பாக்கினேன். அதுவரை மறைந்து கிடந்த மஞ்சள் கோடு பளிச்சென்று எழுந்து நின்றது! தூங்கியது ஜலஜாவின் கண்ணா? துரத்தியவர்களின் மனச்சாட்சியா?

யார் அங்கே, "உட்காருங்க சார்" என்பது? மாப்பிள்ளையா? எனக்கு வரவேண்டிய மேலாளர் நாற்காலியில் நீங்கள் அமர்ந்த நாள்முதல் வாய்மூடி உட்கார்ந்துதான் இருந்தேன். இன்று நிற்கிறேன்!

அண்ணாச்சி, அந்தப் பெண்ணுக்கு வேலை உண்டா, இல்லையா? இந்த அவையில் சொல்லுங்கள்.

"சரிவே... திங்கக்கெழம வரச்சொல்லும்."

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. இதோ, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்!

"ஜலஜா திங்கக்கெழம வேலைக்கு வரட்டும்!"

கேட்டீர்களா பெரியோர்களே? கைதட்டாதீர்கள். வேலை வந்துவிட்டது, மன்னிப்பு வரவில்லை. அதை நான் மறக்கப்போவதில்லை. சொன்ன சொல்லுக்குச் சாட்சியான உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி, என் வணக்கம்!