காயாத பசையும் பிளக் மரையும்

என் வேன் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக் தெறித்து என் மைத்துனனின் வலது கண்ணில் அடித்தது. அப்போது சாவியைத் திருப்பியது நான். இந்த வாக்குமூலத்தில் என் பெயரும் வயதும் விலாசமும் மேலே எழுதியுள்ளபடி சரி. பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். தலைச்சுமையாக விற்று வந்து சொந்தக் கடை போட்டவன். என் மனைவியின் தம்பிதான் வேன் ஓட்டுகிறான்.

இன்று காலை ஒரு பிளக் நிற்காமல் ஆடியதால் வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டோம். எஞ்சின் ஹெட்டில் பிளக்கை முடுக்கும் மரை தேய்ந்துவிட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கழற்றாமலே செய்யச் சொன்னேன். அதன் பிறகு அவர் பழைய மரையைக் கடைந்தெடுத்து, உள்ளும் வெளியும் மரை உள்ள சிறு எஃகுக் குழாயைப் பசை தடவி இறக்கி, அதில் பிளக்கை முடுக்கினார்.

"பசை காயணும் முதலாளி. நாளைக்குத்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"உன் பசை காயறதுக்குள்ள என் கடைக்கு ஒட்டடை புடிச்சிடும்யா."

அவர் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். வேன் நிறைய சரக்கு இருந்தது. அதனால் நான் ஏறி ஸ்டார்ட் செய்தேன். என் மைத்துனனுக்கு எதையும் காது வைத்துக் கேட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. பானெட்டுக்குள் குனிந்தான்.

"உஸ்ஸுன்னு வருது மாமா. கொஞ்சம் ரேஸ் குடுங்க, எங்கன்னு பாத்துடறேன்."

கொடுத்தேன். பிளக் அந்தக் குழாயோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மெக்கானிக் சோப்புக் கையோடு ஓடிவந்து, "ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினார். சாவி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. பிளக் இருந்த ஓட்டை வழியாக எஞ்சின் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது; பெட்ரோல் நாற்றம் வந்தது. அவர்தான் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.

அதன் பிறகு மைத்துனன் தரையில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டு, "வெளக்க அணைச்சுட்டீங்களா மாமா?" என்று கேட்டான். வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கையை எடுத்துக் காட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவிழ்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி என்னிடம், "வண்டிய யாரு ஸ்டார்ட் பண்ணா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

மெக்கானிக் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் சொன்னதைக் கேட்காதது நான்தான். எழுதியதைப் போலீசார் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது அத்தனையும் இதுதான், யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி முன்னால் ஒப்புக்கொண்டதையும் சேர்க்கச் சொன்னேன்: வைத்தியச் செலவு முழுவதும் என்னுடையது. கட்டு அவிழ்த்து அவனுக்குப் பார்வை இருந்தால் வேன் அவன் பெயருக்கு. இல்லாவிட்டால் கடை.

(ஒப்பம்)