கீழே நிற்கிறவன் வேலை

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டால் நிம்மதியாகப் பேசுவேன், சார். மாடி என்றாலே எனக்கு ஆகாது. போதும், திரையை இழுத்துவிட்டால்கூடப் போதும்.

என் பேர் வல்லரசு. சிரிக்கத்தான் செய்வீர்கள், எங்கப்பா ஆசையாக வைத்தது. வீடு விம்கோ நகர். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பூம் லிஃப்ட் வண்டிக்குக் கீழ் ஆள். நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு கூடை, அதுதான் பூம் லிஃப்ட். கூடையில் நின்று ஓட்டுகிறவன் அறிவு. வியாசர்பாடிப் பையன், எனக்குத் தோஸ்து.

கீழே நிற்கிறவன் வெட்டியாக நிற்கிறான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேலே இருப்பவனுக்கு முதுகில் கண் கிடையாது. கடல் காற்றிலும் இன்ஜின் இரைச்சலிலும் பேச்சும் கேட்காது. நான் கையைக் காட்டுவேன், அவன் ஏற்றுவான், இறக்குவான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கீழே இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கி வண்டியை நிறுத்தி, நானே அவனை இறக்க வேண்டும். பொறுப்பான வேலை, சார். நான் பொறுப்பான ஆள் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஒரே ஒரு தடவை மேலே போனேன். கூரைக்குப் பக்கத்தில் போனதும் காற்றுக்குக் கூடை ஆட ஆரம்பித்தது. கீழே பார்த்தேன். கம்பியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டேன், நனைத்தும்விட்டேன். அறிவு ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினான். ஓடி வந்தவர்களிடம், "துன்னாம வந்துட்டான் நைனா, மயக்கம்" என்றான். தண்ணீர் பாட்டிலை என் பேன்ட் மேலேயே தட்டிவிட்டு, "சாரி மாமு" என்று வேறு சொன்னான். அன்றிலிருந்து என் முறையையும் சேர்த்து அவனே ஏறினான். நன்றி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவன் உங்கள் மானத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா, சொல்லுங்கள்.

கட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். கூடையில் காலடியில் ஒரு மிதி உண்டு. அதை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி நகரும், காலை எடுத்தால் நின்றுவிடும். நாளெல்லாம் மிதித்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். அதனால் கீழ் ஆள் காலையிலேயே மிதி அமுங்கி இருக்கும்படி ஒரு மரக்கட்டையைச் செருகி வைப்பான். எங்களுக்குள் அது ஒரு மரியாதை, டீ வாங்கித் தருகிற மாதிரி. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி சுஜா மேடம் எல்லாக் கட்டையையும் பொறுக்கி எறிந்தார். அந்தம்மாதான் இத்தனைக்கும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆரம்பித்து வைத்தது அவர்தான்.

"நாளைக்கு எல்லாரும் மேல ஏறி ஓட்டிக் காட்டணும். கீழ நிக்கறவங்களும்தான். பயம் இருந்தா என்கிட்ட வந்து சொல்லுங்க, தப்பில்ல" என்றார். அத்தனை ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எவன் சொல்வான்?

அன்று சாயந்திரம் அறிவு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "இன்னா மாமு, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது? பயமாக்கீதுன்னு சொல்லிடு. நீ சொல்லாங்காட்டி நான் சொல்றேன்."

"சொன்னே, செத்தேன்டா" என்றேன்.

"அட, நான் பாத்துக்கறேன், பேஜாராவாத" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கூடை ஆடியது. நாளைக்கு ஏறினாலும் போச்சு, இவன் வாயைத் திறந்தாலும் போச்சு. ஒரு சின்ன விபத்து நடந்தால் வண்டியைப் பூட்டிவிடுவார்கள், யாரும் ஏற வேண்டியிருக்காது என்று தோன்றியது. சின்னது என்றுதான் நினைத்தேன், சார். தோளில் ஒரு இடி, ஒரு வீக்கம்.

காலையில் கட்டையை வைத்தேன். அறிவு ஏறியதும் காலடியைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்குத் தெரியாமயா? நீதான்யா தோஸ்து" என்றான். சந்தோஷமாகத்தான் போனான்.

மற்றவர்கள் வருவதற்குள் வண்டியைச் சரிபார்க்க வேண்டும், நாங்கள் இரண்டு பேர்தான். கூரைக்குக் கீழே குறுக்காக ஒரு இரும்பு உத்தரம் போகிறது. அறிவின் முதுகு அந்தப் பக்கம். அவன் என்னைப் பார்த்துக் குனிந்து ஏதோ கத்தினான். கேட்கவில்லை. ஏற்று என்று கையைக் காட்டினேன். ஏற்றினான். இன்னும் என்றேன். ஏற்றினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. என் கையை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

உத்தரம் முதுகில் இடித்தது. வண்டியை ஏற்றி இறக்குகிற கைப்பிடிகள் மேல் நெஞ்சு கவிழ்ந்தது. அவன் உடம்பே கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. கால் மிதியை விட்டு விலகிவிட்டது. கட்டை இல்லாவிட்டால் அங்கேயே நின்றிருக்கும். வண்டி ஏறிக்கொண்டே இருந்தது.

என் கை சிவப்புப் பொத்தான் மேல்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பான், மறைக்கவில்லை. ஆனால் இறங்கி வந்ததும் முதலில் என்ன கேட்பான்? "இன்னாத்துக்கு மாமு ஏத்தச் சொன்னே?" என்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தேன், அந்த உயரத்துக்குப் பயந்ததைவிட அதிகமாக. அவன் கை ஆடுவது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அமுக்கினேன். அப்புறம்தான் கத்தினேன். அழுகை வந்தது, சார், நிஜமான அழுகை. அவன் சம்சாரம் யசோதரா என் தோளில்தான் சாய்ந்து அழுதது.

பிணவறை வாசலில் சுஜா மேடம் என்னிடம் வந்தார். "காலையில கேட் வாசல்லயே அறிவு என்னைப் பார்த்துப் பேசிட்டார். வல்லரசுக்கு உயரம் ஒத்துக்காது, ஆனா கீழ நிக்க அவரப்போல ஆள் கிடையாது, அவர் கீழ நின்னாதான் நான் ஏறுவேன்னார். சரி, உங்களுக்குச் சோதனை வேண்டாம்னுட்டேன். யாருக்கும் சொல்லமாட்டேன்னும் சொன்னேன். உங்ககிட்ட அவர் சொல்லலயா?"

அதைச் சொல்லத்தான் குனிந்திருக்கிறான். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள், சார். அவ்வளவு உயரத்திலிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? இறங்கி வந்து சொல்லியிருக்கலாம்.