புருஷன் கையெழுத்துக்குக் காத்திருந்தவள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் கூத்தையா அண்ணன் அவர்களே, செவ்வந்தியின் படத்தைத் திறந்து வைத்திருக்கும் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், தலைவர் வேல்சாமி அவர்களே, கடலையே கழனியாக்கிக் காலமெல்லாம் உழுதும் கையில் ஒன்றும் மிஞ்சாத தங்கச்சிமடத்துப் பெரியோர்களே, கூடையைத் தலையிலும் கவலையை மடியிலும் சுமந்து வந்திருக்கும் என் தாய்மார்களே, முன்வரிசையில் மொட்டைத் தலையோடு அமர்ந்திருக்கும் தம்பி காளிராஜே, மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் சார்பில் சண்முகவள்ளியின் வணக்கம்.

படம் திறந்தாயிற்று, பூ போட்டாயிற்று. தலைவரைப் பாராட்டி நாலு வார்த்தை பேசு என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாராட்டத்தான் போகிறேன்.

சென்னையில், சட்டமன்றத்தில், கருக்கலைப்பு உரிமையைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்து நின்றவர் யார்? நம் வேல்சாமி. “பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அதைச் சுமப்பவள். சட்டம் தந்த அந்த உரிமையைத் தட்டிப் பறிக்க எந்த ஆணுக்கும் அதிகாரம் இல்லை” என்று முழங்கியவர் யார்? நம் வேல்சாமி. மீன் மார்க்கெட்டில் செல்போனைச் சுற்றி நின்று நாங்கள் அதைப் பார்த்தோம். நம்மாளு பேசுறாருன்னு பூரித்துப் போனோம்.

கைதட்டுங்கள், தட்டலாம். தட்டிவிட்டு நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த முழக்கம் பாம்பன் பாலத்தைத் தாண்டியதா? இந்தத் தீவின் மணலை மிதித்ததா? நம் ஆஸ்பத்திரி வாசலை எட்டியதா?

நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆம்பளை கடலில் இருக்கும்போது வீட்டில் எந்த முடிவும் எடுப்பதில்லை. கல்யாணம் பேசுவதில்லை, மாட்டை விற்பதில்லை. அவன் கரை சேர்ந்த பிறகுதான் எல்லாம். அது கடலுக்குப் போனவன் மேல் நாம் வைத்த மரியாதை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் ஒருத்தியின் வயிற்றில் வைத்தோமே, அதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

இங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். புருஷன் கடலில் இருந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குக் கருவைக் கலைத்தார். பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டப்படிதான் செய்தார். ஊர்ப் பெரியவர்கள் கொதித்துப்போய்த் தலைவர் வீட்டுக்குப் போனார்கள். “ஆம்பள கடல்ல கெடக்கையில பொம்பள தன்னால முடிவெடுக்கவா?” என்று கேட்டார்கள். கூத்தையா அண்ணனும் போனார், மறுக்க மாட்டார். வேல்சாமி என்ன செய்தார்? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். “ஊர்க்காரங்க மனசு நோகாம நடந்துக்கங்க. புருஷன் கையெழுத்து இல்லாம எதையும் செய்யாதீங்க” என்றார். ரகசியமாகச் சொல்லவில்லை. இதே மைதானத்தில், இதே போல் ஒரு மேடையில், பெருமையாகச் சொன்னார். அப்போதும் நாம் கைதட்டினோம். டாக்டரம்மாவுக்கு மாறுதல் வந்தது.

அதன் பிறகு வந்தவள்தான் செவ்வந்தி.

இரண்டு பிள்ளை பெற்றவள். இதய வால்வு பழுதானவள். இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்து அனுப்பியவள். அவள் புருஷன் காளிராஜ் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பிறகுதான், வயிற்றில் மூன்றாவது இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே கேட்டார்கள், புருஷன் எங்கே? சிறையில் என்றாள். அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். அக்கரைச் சிறையில் கிடப்பவன் எப்படியம்மா வந்து கையெழுத்துப் போடுவான்?

மீனவர்களை மீட்கச் சொல்லி நாம் உண்ணாவிரதம் இருந்த பந்தலுக்கு வந்தாள். தலைவர் நம்மோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்று, “அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. எனக்கு மூச்சு முட்டுது” என்றாள். பக்கத்தில் நான் இருந்தேன். அவர் கோபப்படவில்லை, விரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். “பொறும்மா. டெல்லியில பேசிட்டேன். அடுத்த வாரம் காளிராஜ் வந்துருவான். வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு.”

நம்பினாள். தலைவர் சொல்லிவிட்டாரே என்று நம்பினாள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா என்று கூப்பிட்டேன். “அவரு வந்துருவாரு அக்கா. அவரு வர்றதுக்குள்ள போயிட்டு வந்தா ஊரு ஏசும்” என்றாள். அக்கரைக் கோர்ட்டில் வாய்தா. மறுபடி வாய்தா. அதற்கு மேல் இன்னொரு வாய்தா. இங்கே அவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. படுத்தால் மூச்சு வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். ஒருநாள் காலையில் பிள்ளைகள் எழுப்பினார்கள். அவள் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், உயிர் இல்லை என்று பிணவறைக்கு அனுப்பினார்கள்.

அழாதீங்க ஆத்தா. கொஞ்சம் பொறுங்க, இன்னும் இருக்கு.

அவள் இறந்த மறுநாள் காளிராஜை விட்டார்கள். மண்டபத்துக் கரையில் வந்து இறங்கினான். விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, “எங்கன கையெழுத்துப் போடணும்? நான் வந்துட்டேன், எங்கன போடணும்?” என்று கேட்டான். காட்டினார்கள். போட்டான். பிணத்தை வாங்கிக்கொள்ள ஒரு கையெழுத்து.

கூத்தையா அண்ணன் முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடிக்கிறேன் அண்ணே. செத்துப் போனவளுக்காக மட்டும் நான் பேசவில்லை.

இந்தக் கூட்டத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். பேரைச் சொல்ல மாட்டேன். அவள் புருஷனும் அக்கரைச் சிறையில்தான். அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தவள்தான். நேற்று என் வீட்டுக்கு வந்து, “அக்கா, நானும் காத்திருக்கணுமா?” என்று கேட்டாள்.

தலைவர் அவர்களே, அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். சலுகை கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்கிறேன். உதவித்தொகை கேட்கவில்லை, உயிரைக் கேட்கிறேன். புருஷன் கையெழுத்து தேவையில்லை, பெண்ணின் சம்மதம் போதும். சென்னையில் சொன்ன அந்த ஒன்றை எங்கள் ஆம்பளைகள் காதில் விழும்படி இங்கே சொல்லுங்கள். இதோ மைக். நான் நிறுத்துகிறேன். சொல்லுங்கள்.

வேல்சாமி மைக்கை வாங்காமல் கூத்தையா அண்ணனைப் பார்க்கிறார். கூத்தையா அண்ணன் கடலைப் பார்க்கிறார்.

சரி. என்னைப் பெற்ற தாய்மார்களே, பதில் வந்துவிட்டது.

தங்கச்சி, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் பார்க்க மாட்டேன். காதை மட்டும் கொடு. காத்திருக்காதே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் நீயும் மதுரைக்குப் போறோம். அங்கேயும் புருஷன் எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல நான் இருக்கிறேன். ஊர் ஏசட்டும். ஏச்சு வாங்க நீ உயிரோடு இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் இருந்து கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. தாய்மார்களுக்கு நன்றி. பேச இடம் கொடுத்த சங்கத்துக்கு நன்றி. செவ்வந்திக்கு மட்டும் நான் நன்றி சொல்ல மாட்டேன். பொறுமையாக இருந்தாளே என்று அவளுக்கு நன்றி சொன்னால், அடுத்தவளும் பொறுமையாக இருந்துவிடுவாள்.

வணக்கம்.